காந்தியடிகளின் ஆகார நியமம்

வெள்ளிக்கிழமை வந்ததும் சரவணையிலும் அயற்கிராமங்களிலும் மச்சச்சட்டி அடுக்களை மூலைக்குப் போய்விடுகின்றது. சனிக்கிழமை அது திரும்பவும் அடுப்பேறுகின்றது. கந்தசட்டி ஆறு நாளும், திருவெம்பாவைக் காலத்தும், கோயிற்கொடி ஏறி இறங்கும்வரையும் வீடுகள் சைவமாயிருக்கின்றன. எந்நாளில் எதனை உண்ணலாகாது என்பதை நம் பிள்ளைகள் நன்கறிவர். ஏன் உண்ணலாகாது என்று வினாவினாலோ, அஃது எங்கள் வழக்கம் என்பதற்கு மேல் விடை வருதல் அரிது. வழக்கம் நல்லதே; அதனை நாம் இகழ்கின்றோமல்லேம். ஆயினும் காரணமறியாத வழக்கம் கடல் கடந்தபின் நெடுநாள் நில்லாது. தீவுப்பகுதியிற் பிறந்தோர் பலர் கொழும்பிலும் இலண்டனிலும் கனடாவிலும் வாழுங் காலம் இது. ஆதலின், தாயின் வழக்கத்தை மாத்திரம் கைக்கொண்டு கடல் கடந்த ஓர் இளைஞர் அதனைப் பின்னர் அறிவினாலே தமதாக்கிக்கொண்ட வரலாற்றைச் சைவ ஆசிரியர்களின் பொருட்டு இங்கே எழுதப் புகுந்தோம்.

அவ்விளைஞர் மோகனதாஸ் கரம்சந்த் காந்தி. அவர் சைவரல்லர், குசராத்து நாட்டு வைணவ வணிகர் குடியிற் பிறந்தவர். அவருடைய அரசியலை யாவரும் அறிவர். அதனை விடுத்து, அவர் என்ன உண்டார், எதனை விடுத்தார், எதனால் நலிந்தார், எதனால் தேறினார் என்பவற்றையே ஈண்டுக் கூறுவோம்.

1869ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆந் திகதி போர்பந்தரிலே பிறந்த அவருக்குத் தாயார் புத்லிபாயே முதலாசிரியர். அவ்வம்மையார் விரதங்களிலே தளராத உறுதியுடையவர். மாரிகாலத்து நோன்பொன்றிலே சூரியனைக் கண்டன்றி உண்ணமாட்டார். பிள்ளைகள் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்திருந்து, முகில் விலகியவுடன் உள்ளே ஓடிச்சென்று அறிவிப்பார்கள். அவர் வெளியே வருமுன்னரே சூரியன் மறைந்துவிடுவதுமுண்டு. அப்பொழுது அவர் முகஞ்சுழியாது, இன்று உண்ணுதல் இறைவனுக்கு உவப்பன்று போலும் என எண்ணித் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார்.

இத்தகைய தாயின் மகன் இராஜகோட்டையிலே பள்ளி மாணவராயிருந்தபொழுது மறைவாக இறைச்சி உண்டார். நாவின் ஆசை பற்றி அவர் அது செய்யவில்லை. தேகபலத்தை விரும்பியே செய்தார். அவர் மெலிந்த உடலினர், இருளுக்கு அஞ்சுபவர். பலசாலியாகிய தோழர் ஒருவர், ஆங்கிலேயர் இந்தியரை ஆளுவது மாமிச போசனத்தினாலேயே என்று அவரை நம்பச்செய்தார். ஆற்றங்கரையிலே தனித்த ஓரிடத்தில் ஆட்டிறைச்சியும் பாணும் உண்ணப்பட்டன. இறைச்சி தோல்போற் கடினமாயிருந்தது; உண்ண இயலாது நிறுத்திவிட்டார். அன்றிரவு உயிருள்ள ஆடொன்று தம் வயிற்றினுள்ளே கதறுவதுபோலத் தோன்றித் திடுக்கிட்டு விழித்துக்கொண்டே இருந்தாராம். எனினும் அம்முயற்சி ஏறக்குறைய ஓராண்டு நடந்தது. அக்காலத்தில் அவர் உண்ட இறைச்சி விருந்து ஆறுக்குமேல் இராது.

அவர் அதனை நிறுத்திய காரணத்தை ஆசிரியர்கள் நன்கு நோக்குதல் வேண்டும். புலாலுண்ணல் தவறு என்று அவர் அப்பொழுது கருதவில்லை. விருந்துண்ட நாட்களில் வீட்டிலே பசியில்லையென்று தாயிடம் பொய் சொல்ல நேர்ந்தது. அப்பொய்யே அவரை வருத்தியது. பெற்றோர் இருக்கும்வரை தொடுவதில்லை, அவர்களுக்குப்பின் வெளிப்படையாக உண்ணலாம் என்று முடிவுசெய்தார். ஆகவே அவரைப் புலாலினின்று நீக்கியது தாயன்பும் மெய்யுமேயன்றி ஆகாரத்தைப் பற்றிய அறிவன்று. வெள்ளிக்கிழமைதோறும் சைவமாயிருக்கும் நம் பிள்ளைகளிற் பெரும்பாலாரின் நிலையும் இதுவே.

1888ஆம் ஆண்டு சட்டக்கல்வியின்பொருட்டு இலண்டனுக்குப் புறப்படுமுன், மதுவையும் மங்கையரையும் மாமிசத்தையும் தீண்டுவதில்லையென்று ஜைன சாது ஒருவர் முன்னிலையில் தாயாருக்குச் சத்தியஞ் செய்துகொடுத்தார். செப்டெம்பர் மாதம் 4ஆந் திகதி பம்பாயிலே கப்பலேறினார். அந்நகரிலே அவர் பட்டது பசி. காலையிலே ஓட்ஸ் கஞ்சி ஓரளவு வயிற்றை நிரப்பும். நண்பகலிலும் இரவிலும் உப்புஞ் சப்புமற்ற கீரையும் பாணும் பழப்பாகுமே. மேலும் பாண் கேட்பதற்கு வெட்கம். சத்தியம் கல்வியறிவில்லாத தாய்க்குச் செய்தது, அது செல்லாது என்று நண்பரொருவர் நாடோறும் வாதித்தார். வாதத்திலே காந்தியடிகளுக்கு விடையில்லை. சத்தியத்தை மாத்திரம் விடமறுத்தார்.

நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் தெருத்தெருவாக நடந்து மரக்கறிப் போசனசாலையொன்றைத் தேடினார். ஒருநாள் பாரிங்டன் தெருவிலே அதனைக் கண்டார். வாயிலிற் கண்ணாடிப் பெட்டியில் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள் ஹென்றி சால்ட் என்பவர் மரக்கறி உணவை ஆதரித்து எழுதிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். அதன்பின்னர் உள்ளே சென்று, இங்கிலாந்துக்கு வந்தபின் முதன்முறையாக வயிறார உண்டார். அந்நூலைத் தொடக்கம் முதல் முடிவுவரை வாசித்த நாளிலிருந்தே தாம் தம் விருப்பத்தினால் மரக்கறி உண்பவரானதாக அவர் பின்னர் எழுதினார். அதுவரை அவரைக் காத்தது தாயின் சொல். அதன்மேல் அவரைக் காத்தது தம் சொந்த ஆராய்ச்சி. பிற்காலத்தில் அவர் உணவிலே பலவற்றை மாற்றினார், சிலவற்றிற் பிழைத்தார். ஆயினும் இந்த ஒன்றிலே திரும்பிப் பார்க்கவில்லை.

இலண்டன் மரக்கறியாளர் சங்கத்திற் சேர்ந்து அதன் நிருவாகசபையிலும் இடம்பெற்றார். 1891ஆம் ஆண்டிலே அச்சங்கத்தார் பத்திரிகையில் இந்தியரின் மரக்கறி உணவைப்பற்றித் தொடர்ந்து எழுதினார். வீட்டிலிருந்து வந்த இனிப்புப் பண்டங்களையும் சரக்குவகைகளையும் கைவிட்டார். முன்பு காரமின்றிச் சுவையற்றிருந்த அதே அவித்த கீரை இப்பொழுது சுவைத்தது. சுவையின் இருப்பிடம் நாவன்று, மனமே என்பதை அவர் இதனாற் கண்டார். மிளகாய்த்தூள் குறைந்தாற் சோறு இறங்காது என்று சொல்லும் நம் யாழ்ப்பாணத்தார் இதனைச் சிறிது சிந்திக்கலாம். செலவையும் சுருக்கி, காலையும் மாலையும் தாமே சமைத்து, நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங்கும் மூன்று பென்சும் கொண்டு உண்டார். வண்டியேறாது எட்டுப் பத்து மைல் நடந்தார். முட்டை மாமிசமன்று என்று சிலர் கூறக்கேட்டுச் சிறிது காலம் உண்டு பார்த்தார். தாயார் மாமிசம் என்று கருதியதனுள் முட்டையும் அடங்குமாதலின் அதனை விட்டார். சத்தியத்துக்குப் பொருள் கொள்ளும்பொழுது அதனை வாங்கியவர் கருத்தே கொள்ளத்தக்கது என்பது அவர் துணிபு.

1893ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்கா சென்று, பிரிட்டோரியா நகரிற் சமைக்காத உணவை உண்டு பார்த்தார். பல்லும் வயிறும் இடங்கொடுக்கவில்லை, உடல் தளர்ந்தது, சில நாளில் நிறுத்திவிட்டார். பின்பு ஜோகன்னஸ்பேர்க்கில் வழக்கறிஞராயிருந்தபொழுது மலச்சிக்கலும் தலைவலியும் அவரை வருத்தின. நாளொன்றுக்கு மூன்று வேளை நிறைய உண்டும் இடையிலே தேநீர் அருந்தியும் வந்தார். காலையுணவை விட்டுவிடும் சங்கமொன்று மான்செஸ்டரிலே தோன்றியதைப் பத்திரிகையிற் கண்டு, தாமும் அதனை விட்டார். சில நாள் துன்பமாயிருந்தது. பின்பு தலைவலி நீங்கிற்று. அதனால், தமக்கு வந்த நோய் அளவுக்கு மிஞ்சி உண்டமையால் வந்ததென்று உணர்ந்தார். (பசியோடு பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு இந்த உதாரணம் பொருந்தாது. வளருஞ் சிறாருக்குக் காலையுணவு வேண்டும்.)

அக்காலத்திலேயே ஏழு பவுண் விலையில் ஒரு கையரைப்பு இயந்திரத்தை வாங்கி, தாமும் நண்பர் போலக்கும் பிள்ளைகளுமாகக் கோதுமையைத் தவிடு நீக்காது அரைத்து உரொட்டி செய்துண்டனர். தவிட்டின் பெருமையை உலகம் அக்காலத்திலேதான் அறியத் தொடங்கியது. சாவகத் தீவின் பத்தேவியா நகரிலே ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் மடங்கி விழுந்ததையும், தவிடுள்ள அரிசி தின்றவை நலமாயிருந்ததையும் 1890ஆம் ஆண்டுகளிற் கண்டிருந்தார். பெரிபெரி என்னும் நோயின் மூலம் இதனால் வெளிப்பட்டது; 1929ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நெல்லைப் புழுக்கிக் குத்தும் நம் முன்னோர் வழக்கத்தினால் தவிட்டுச் சத்தின் ஒரு பங்கு அரிசியினுள்ளே சென்று தங்குகின்றது. புழுங்கலரிசிக்கும் வெள்ளைப் பச்சையரிசிக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்பொழுது ஆசிரியர்கள் இதனையுஞ் சேர்த்துச் சொல்லலாம்.

கஸ்தூரிபாய் அம்மையார் உதிரப்போக்கினால் நலிந்திருந்தபொழுது, உப்பையும் பருப்பையும் விடும்படி காந்தியடிகள் வேண்டினார். உங்களாலேயே அவற்றை விடமுடியாதே என்று அம்மையார் சொல்ல, அக்கணமே தாம் ஓராண்டுக்கு விட்டேன் என்றார். அம்மையார் கலங்கி, தாம் விட்டுவிடுவதாகவும் அவர் விடவேண்டாமென்றும் வேண்டியும் அவர் இணங்கவில்லை. அதன்பின் அம்மையார் உடல் தேறிற்று. தேறியது உப்பை விட்டதனாலோ பிறிதாலோ என்று நாம் துணியமாட்டோம். ஒரு வீட்டிலே ஒருவர் பத்தியங் காக்க வேண்டுமாயின், சொல்லுபவரும் உடன் காத்தாலன்றி அது நடவாது என்பது மட்டும் இதனாற் பெறப்படும். சலரோகமுள்ள தந்தைக்குச் சீனியில்லாத தேநீரை நீட்டிவிட்டு, ஏனையோர் அவர் முன்னிலையிலே இனிப்புண்ணும் வீடுகள் எத்தனை!

இன்னொன்றை மறைத்துச் செல்லுதல் நேர்மையன்று. 1902ஆம் ஆண்டு பம்பாயிலே அவர் மகன் மணிலாலுக்குப் பத்து வயதிற் கடுஞ்சுரம் கண்டபொழுது, வைத்தியர் முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கச் சொன்னார். தந்தையார் மறுத்து, நீர்ச்சிகிச்சையும் தோடம்பழச் சாறுமாக நடத்தினார். பிள்ளை பிழைத்தது. பிழைத்தது இறைவன் அருள் என்று அவரே கருதினார். இன்று அந்நோய்க்கு நம்பத்தக்க மருந்துண்டு. குழந்தையின் உயிரை வைத்துப் பெற்றோர் தம் கொள்கையைச் சோதித்தல் பின்பற்றத்தக்கதன்று என்பதே எம் கருத்து.

இனி அவர் வரலாற்றிலே மிக முக்கியமான பகுதி வருகின்றது. 1912ஆம் ஆண்டிலே, டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் கலன்பாக்கோடு சேர்ந்து பாலை விட்டார். புலனடக்கத்துக்குப் பால் இடையூறு என்பது முதற்காரணம்; கல்கத்தாவிலே பசுக்களைக் கறப்போர் அவற்றுக்குச் செய்யுங் கொடுமை மற்றொரு காரணம். கச்சான், வாழைப்பழம், பேரீச்சம்பழம், தேசிப்பழம், ஒலிவ எண்ணெய் என்பனவே உணவாயின. 1914ஆம் ஆண்டு இலண்டனிலே மார்புச் சவ்வழற்சி கண்டபொழுது, கோகலே முதலியோர் பாலருந்த வற்புறுத்தியும் இணங்கவில்லை. மறு ஆண்டு ஹரித்துவாரத்திலே, ஒரு நாளைக்கு ஐந்து பொருள்களுக்குமேல் உண்பதில்லை, இருட்டியபின் உண்பதில்லை என்ற நியமங்களையும் மேற்கொண்டார். இவ்விரண்டையும் இறுதிவரை காத்தார்.

1918ஆம் ஆண்டு, கேடா மாவட்டத்திலே போருக்கு ஆள் திரட்டும் வேலையில் ஊரூராக நடந்தார். அக்காலத்தில் அவர் பெரும்பாலும் அரைத்த கச்சானும் தேசிச்சாறுமே உண்டார். அரைத்த கச்சானை அளவுக்கு மிஞ்சி உண்டால் ஆகாது என்று அறிந்திருந்தும் மிஞ்சி உண்டதாக அவரே எழுதியிருக்கின்றார். வயிற்றுக்கடுப்பு தொடங்கியது. அன்று உண்ணாதிருந்தால் மாறியிருக்கும். அதுவோ ஒரு பண்டிகை நாள். அம்மையார் எண்ணெயிட்டுச் செய்த இனிப்புக் கோதுமைக் களியும் பயறும் முன்னே வந்தன. சிறிது உண்போம் என்றிருந்தவர் வயிறு நிறைய உண்டார். ஒரு மணி நேரத்தில் நோய் முற்றியது. நாளொன்றுக்கு முப்பது நாற்பது முறை கழிந்து, மெலிந்து, இறுதி நெருங்கிவிட்டது என்றே எண்ணினார். பாலும் மறுத்தார், மருந்தும் மறுத்தார். மாதங்கள் சென்றும் பலம் வரவில்லை. 1919ஆம் ஆண்டு ஜனவரியில் மூலவெடிப்புக்குப் பம்பாயிலே சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் தலால், பாலின்றி உடலைத் தேற்ற முடியாது என்றார். தமக்குப் பாலருந்துவதில்லை என்ற விரதமுண்டு என்றார் இவர். விரதஞ் செய்தபொழுது மனத்திலிருந்தவை பசுவும் எருமையுமே, ஆட்டுப்பாலுக்குத் தடையென்ன என்று அருகில் நின்ற கஸ்தூரிபாய் கேட்டார். இவர் இணங்கினார்.

அன்று தொடங்கிய ஆட்டுப்பால் அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளை இழந்தேன் என்ற வருத்தமும் அதனோடு தொடர்ந்தது. எமக்கோ, முட்டை விடயத்திலே தாயின் கருத்தைத் தேர்ந்த மனிதர் இங்கே சொல்லின் எழுத்தைத் தேர்ந்தது வியப்பாகவே தோன்றுகின்றது. ஆயினும் அவர் அதனை மறைக்கவில்லை. பாலுக்கு ஈடான தாவர உணவு தமக்கு அகப்படவில்லை என்று பலமுறை வெளிப்படையாக எழுதினார். அகப்பட்டால் தமக்கு அறிவிக்கும்படி வைத்தியர்களையும் வேண்டினார்.

அவர் தேடியதற்குப் பின்வந்த அறிவு ஒரு பகுதி விடை கூறுகின்றது. பீ12 என்னும் உயிர்ச்சத்து 1948ஆம் ஆண்டிலேதான் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. இரத்தத்துக்கும் நரம்புக்கும் இன்றியமையாத அச்சத்து, மரக்கறியிலும் தானியத்திலும் இல்லை. பாலிலும் முட்டையிலும் மச்சமாமிசங்களிலும் உண்டு. உடலிற் சேமித்தது சில ஆண்டுக்குப் போதுமாதலால், குறை உடனே தோன்றாது. 1918ஆம் ஆண்டின் நோய் இதனால் வந்ததென்று நாம் சொல்கின்றிலேம். புலாலை விடும் பிள்ளைக்குப் பால், தயிர், மோர் உண்டா என்று ஆசிரியர் கேட்டறிதல் வேண்டும் என்பதற்காகவே இதனைச் சொல்கின்றோம். மீனை விட்டு, அதற்கு ஈடாகச் சொதியும் சோறும் மாத்திரம் உண்பது சைவபோசனமாகலாம், நிறைந்த போசனமாகாது. பயறு, உழுந்து, கடலை, எள்ளு, முருங்கையிலை என்பன தட்டிலே ஏறவேண்டும். ஆடு வளர்க்காத வீடு தீவிலே அரிது. அதன் பாலை நோயாளிக்கென்று ஒதுக்காது பிள்ளைகளுக்குங் கொடுக்கலாம், நன்கு காய்ச்சி.

1927ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் மாணவர் காங்கிரசாரின் அழைப்பின்பேரில் யாழ்ப்பாணம் வந்தபொழுதும் அவர் ஆட்டுப்பாலும் ஐந்து பொருள் நியமமும் உடையவராகவே வந்தார். 1929ஆம் ஆண்டிலே சமைக்காத உணவை மீண்டும் உண்டு பார்த்து, மீண்டும் வயிற்றுக்கடுப்புற்று, தாம் தோற்றதைத் தம் பத்திரிகையில் அறிவித்தார். மறு ஆண்டு, அறுபது வயதில், தண்டிக்கு 240 மைல் வரை நடந்தார். 1934ஆம் ஆண்டு தொடங்கிய கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரிற் பிறந்த குமரப்பா. அச்சங்கம் கைக்குத்தரிசி, முழுக்கோதுமை மா, வெல்லம், பச்சிலை என்பவற்றை ஊரூராகப் பரப்பியது. நீலகிரியிலே குன்னூர் ஆராய்ச்சிசாலையில் மக்கரிசனும் அவருக்குப்பின் அய்க்ராய்டும் இந்திய உணவுகளை ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. மக்கரிசன் எலிகளுக்குப் பல நாட்டு உணவை ஊட்டி, தீட்டிய அரிசியை நம்பிய உணவு மெலிவைத் தருவதையும், முழுக்கோதுமையும் பாலும் பச்சிலையும் சேர்ந்த உணவு வலிமை தருவதையுங் காட்டியிருந்தார்.

1942ஆம் ஆண்டு ஆகாகான் மாளிகையிலே சிறையிலிருந்தபொழுது, ஆரோக்கியத்தைப் பற்றிச் சிறுநூலொன்று எழுதினார். 1913ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவில் எழுதியதைத் திருத்தி எழுதியது அது. உட்கார்ந்து தொழில் செய்வோருக்கு அதிலே கூறிய நாளளவு: பால் 2 இறாத்தல், தானியம் எல்லாமாக 6 அவுன்சு, இலைக்கறி 3 அவுன்சு, பிற மரக்கறி 5 அவுன்சு, பச்சையாக உண்பது 1 அவுன்சு, நெய் ஒன்றரை அவுன்சு, வெல்லமோ சீனியோ ஒன்றரை அவுன்சு, பழம் இயன்றவாறு. தானியத்திலும் மரக்கறி மிகுந்திருப்பதை நோக்குக. நம் தட்டிலே சோறு மலையாகவும் கறி அதன் அடிவாரமாகவும் இருக்கின்றது. ஆசிரியர் தொழிலும் உட்கார்ந்தும் நின்றுஞ் செய்வதேயன்றி ஏருழுவதன்று. தோட்டத்தில் வேலைசெய்த தந்தையின் அளவுச் சோற்றை அவர் மகனாகிய ஆசிரியர் உண்ணுதல் பொருந்துமா? சீனியளவு மாத்திரம் இக்காலக் கணக்குக்கு மிகை. உலக சுகாதார நிறுவனத்தார் 25 கிராமுக்குட்படுதல் நன்றென்கின்றனர். ஒன்றரை அவுன்சு 42 கிராமுக்கு மேல். காந்தியடிகள் எழுதியதாயினும் இதனை அவ்வாறே கொள்ளவேண்டியதில்லை. நீரிழிவுள்ளோர் தம் வைத்தியரைக் கேட்டே அளவு கொள்க.

ஆகாரத்தினால் எல்லா நோயும் அவரை விட்டு நீங்கின என்று சொல்வோருமுளர். அஃது உண்மையன்று. 1924ஆம் ஆண்டு குடல்வால் அழற்சிக்குப் பூனாவிலே சத்திரசிகிச்சை பெற்றார். மலேரியாச் சுரமும் பலமுறை வந்தது. முதுமையிலே இரத்த அழுத்தம் மிக்கிருந்தது. எனினும் எழுபது வயதுக்கு மேலும் நடந்தார், எழுதினார், உண்ணாநோன்பிருந்தார். 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி மாலை, டில்லியிலே, பிரார்த்தனைக்குச் செல்லுமுன் ஆட்டுப்பாலும் அவித்த மரக்கறியும் பச்சை மரக்கறியும் தோடம்பழமும் உண்டார். பொழுது சாயுமுன் உண்டுமுடிக்கும் நியமம் அன்றும் தவறவில்லை. உணவு முடிந்து, சில நிமிடம் தாமதித்து எழுந்து, பிரார்த்தனை மைதானத்தை நோக்கி விரைந்து நடந்தார்.